ஒரு புகாரும் வரவில்லை

நாலாயிரத்து இருநூறு வரிகளை ஒரே சனிக்கிழமையில் அழித்தவளுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. அழித்தாள் என்றதும் அவசரத்தில் அழித்துவிட்டாள் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன்பே நோட்டீஸ் ஒட்டி, ஓட்டெடுத்து, விதிப்படி பத்து நாள் கெடு கொடுத்து, கெடு முடிந்த மறு நிமிஷம் அழித்தாள். அவள் செய்கிற எதிலும் ஓட்டை இருக்காது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். கர்வமே இல்லாமல் யார்தான் வீட்டைப் பெருக்கித் துடைக்கிறார்கள்?

அவள் துடைத்தது ஒரு செயலியின் கோட், அதாவது அதை இயக்கும் கட்டளை வரிகள். வாய் பேச முடியாதவர்களுக்காகக் கம்ப்யூட்டர் பேசும் செயலி அது. திரையில் எழுத்துகள் வரும். ஆள் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தால் கம்ப்யூட்டர் அதை வார்த்தையாக்கி உரக்கச் சொல்லும். விரல் ஆடுகிறவர் தொட்டு எழுதலாம், தலை ஆடுகிறவர் தலையை அசைத்து எழுதலாம், கண் ஒரு நிலையில் நிற்கிறவர் பார்வையாலேயே எழுதலாம். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. எங்கெங்கோ உட்கார்ந்திருக்கும் நாற்பது பேர் தங்கள் சொந்த நேரத்தில் கட்டியது. கோட் முழுவதும் வெட்டவெளியில் கிடக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியவனைத் திட்டலாம். மூன்றாவது வேலைக்குத்தான் எப்போதும் ஆள் அதிகம்.

அந்த நாற்பது பேரில் யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. எல்லோருக்கும் ஒரு புனைபெயர். மூத்தவர் பெரியப்பா. இவள் துடைப்பம். வாரத்தில் ஐந்து நாள் ஒரு லிஃப்ட் கம்பெனியில் புரோகிராமர், சனிக்கிழமையானால் துடைப்பம். அவள் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். சனிக்கிழமை காலை அவள் லேப்டாப்பைத் திறக்கும்போதெல்லாம், "இன்னைக்கு யாரை வீட்டை விட்டுத் துரத்தப் போற?" என்று கேட்டுவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவார்.

துரத்தப்பட்டது ‘பழைய பட்டன்’ என்ற ஒரு மூலை. பதினாலு வருஷத்துக்கு முன்னால் எவனோ எழுதியது. எழுதியவன் போன இடம் தெரியவில்லை. உடம்பில் எதுவுமே சொன்னபடி கேட்காதவர்களுக்கு ஒற்றைப் பட்டன் ஒன்று கொடுப்பார்கள். திரையில் எழுத்து வரிசைகளின் மேல் ஒரு வெளிச்சம் ஒவ்வொன்றாக நகரும். வேண்டிய வரிசைக்கு வந்ததும் அழுத்த வேண்டும். பிறகு அந்த வரிசைக்குள் எழுத்து எழுத்தாக நகரும். மறுபடி அழுத்த வேண்டும். ஓர் எழுத்து முடிவதற்குள் நமக்குக் கொட்டாவி வந்துவிடும். இதற்கு அழகான புதிய பட்டன் வந்து ஆறு வருஷமாகிறது. பழையதோ, இப்போது கடையில் கேட்டால் கடைக்காரர் சிரிக்கிற மாதிரியான தடித்த கேபிளில் ஓடுவது.

அதன் கோட் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஓரிடத்தில், பட்டனை அழுத்திய பிறகு காரணமே இல்லாமல் ஒன்றே முக்கால் விநாடி சும்மா நிற்கும். அதற்கு மேல் ஒரு குறிப்பு: ‘இதில் கை வைக்காதே.’ ஏன் வைக்கக் கூடாது என்று எழுதவில்லை. "காரணம் எழுதத் துப்பில்லாதவன் மிரட்டல் மட்டும் எழுதி வெச்சுட்டுப் போயிருக்கான்" என்று துடைப்பம் குழுவில் எழுதினாள். இருபத்து மூன்று பேர் சிரிப்புப் படம் போட்டார்கள்.

எதிர்த்தது ஒரே ஆள், நத்தை.

நத்தை என்பது அந்த ஆள் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். ஒன்பது வருஷமாகக் குழுவில் இருக்கிறான். மற்றவர்கள் எழுதிய கோட் வரிகளைப் படித்துத் தப்புக் கண்டுபிடிப்பது அவன் வேலை. கேள்வி கேட்டால் பதில் மறுநாள் வரும். அதுவும் இரண்டே வார்த்தையில் வரும். ‘வரி 40. தப்பு.’ அந்த நாற்பதாவது வரியில் கட்டாயம் தப்பு இருக்கும், அதுதான் எரிச்சல். துடைப்பத்துக்கும் அவனுக்கும் ஒன்பது வருஷச் சண்டை. ஒருமுறை பொறுக்க மாட்டாமல், ‘விளக்கமா சொன்னா குறைஞ்சா போயிடுவ? வாய்க்கு என்ன பூட்டா?’ என்று கேட்டாள். மறுநாள் பதில் வந்தது: ‘ஆமா.’ அதற்கும் குழுவே விழுந்து விழுந்து சிரித்தது.

பழைய பட்டன் விஷயத்தில் முதல் நாள் ‘வேண்டாம்’ என்று எழுதினான். காரணமில்லாத எதிர்ப்பு செல்லாது என்பது குழுவின் விதி. அதை எடுத்துக் காட்டினாள். மறுநாள் ‘ஆள் இருக்கு’ என்று வந்தது. ‘யார்? எந்த ஊர்? எந்தக் கம்ப்யூட்டர்? முழுசா எழுது. இல்லேன்னா வழியை விடு’ என்றாள். மூன்றாம் நாள் ‘எழுதறேன்’ என்று ஒரு வார்த்தை. அதற்கப்புறம் ஏழு நாள் மூச்சே இல்லை. பத்தாவது நாள் முடிந்தது, அழித்தாள்.

கோட் வரிகளை மட்டும் அழித்தால் அவளுக்கு மனசு ஆறுமா? பழைய பட்டனைப் பயன்படுத்தியவர்களின் கம்ப்யூட்டரில் அது சேர்த்து வைத்திருக்கும் ஃபைல்களையும் தேடிப் பிடித்து அழிக்க ஒரு சின்ன நிரலை எழுதி, எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் தானாகவே ஏறிக்கொள்ளும் புதிய வெர்ஷனோடு அனுப்பினாள். ‘இனித் தடயமே இருக்காது’ என்று குறிப்பும் எழுதினாள். பெரியப்பா பூங்கொத்துப் படம் அனுப்பினார். நத்தையிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஐயா கோவித்துக்கொண்டுவிட்டார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நாலு நாள் போனால் சரியாகிவிடும் என்று துடைப்பமும் விட்டுவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு சனிக்கிழமை. குழுவின் பொது அறிவிப்புக்காக அவள் உட்கார்ந்து எழுதினாள்: ‘நீக்கிப் பதினாலு நாளாகியும் ஒரு புகாரும் வரவில்லை.’ எழுதியவள் எழுதினோம் என்று விட்டிருக்கலாம். ஓட்டை இருக்கக் கூடாதே! தானாக மூடப்பட்ட புகார்களின் பட்டியலையும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று திறந்தாள். விவரம் சரியாக இல்லாத புகார்களை ஒரு ரோபோ, அதாவது தானாக ஓடும் ஒரு நிரல், உடனுக்குடன் மூடிவிடும். வெட்டிப் புகார்களைப் படித்து நேரம் வீணாகிறது என்று அந்த ரோபோவை எழுதியவளும் அவள்தான்.

அதில் ஒரு புகார் பதிமூன்று நாளாகக் கிடந்தது.

‘வெர்ஷன்: தெரியல.

கம்ப்யூட்டர் வகை: கருப்பு.

பயனர் பெயர்: நத்தை. திரை ஓரத்துல ஒட்டியிருக்கு.

பிரச்சினை எப்படி ஏற்பட்டது, படிப்படியாக விளக்கவும்: ஞாயித்துக்கிழமை காலையிலேர்ந்து என் தம்பிக்குப் பேச்சு நின்னுபோச்சு. பட்டனை அழுத்துறான், ஒண்ணும் வரல. அவனுக்கு வேற வழி கிடையாது. யாராவது எனக்குப் போன் பண்ணுங்க.’

அதன் கீழே ஒரு போன் நம்பர். அதற்கும் கீழே ரோபோவின் பதில்: ‘வணக்கம்! விவரங்கள் போதாததால் இந்தப் புகார் மூடப்படுகிறது. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி.’

துடைப்பத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலில் அவள் கண்ணில் பட்டது ‘தம்பி’ என்ற சொல். பிறகு ‘நத்தை’. இரண்டையும் சேர்த்துப் படிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒரு புகாரும் வரவில்லை என்று எழுதினாளே, எப்படி வரும்? புகார் சொல்ல வேண்டியவனின் வாயையல்லவா பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்!

நம்பரை இரண்டு தடவை தப்பாக அடித்தாள். மூன்றாம் தடவை ஒரு பெண் எடுத்தாள். பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தம்.

"நான் அந்த... பேசுற செயலி இருக்குல்ல, அதை எழுதுற குழுவுலேர்ந்து பேசறேன். நீங்க ஒரு புகார் எழுதியிருந்தீங்க."

மிஷின் நின்றது.

"எழுதினேம்மா. ரெண்டு வாரமாச்சு. இனிமே எதுக்கு? உங்களுக்குச் சிரமம் வேண்டாம்."

"ஏங்க? என்ன ஆச்சு?"

"கட்டைவிரலும் போயிடுச்சும்மா அவனுக்கு. உடம்புல அது ஒண்ணுதான் சொன்னபடி கேட்டுட்டு இருந்தது. கண்ணு கூட ஒரு இடத்துல நிக்காது. டாக்டர் வந்து பார்த்தாரு. பட்டனை வெச்சு அழுத்தச் சொன்னாரு, கம்ப்யூட்டர்ல ஒரு எழுத்து வரல. நோய் முத்திடுச்சு, இதோட முடிஞ்சுது, மனசைத் தேத்திக்கோங்கன்னு சொல்லிட்டாரு."

துடைப்பம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "விரல் ஆடவே இல்லையா?"

"ஆடுது. ராத்திரி பகலா ஆடிட்டேதான் இருக்கு. அது நரம்பு தானா துடிக்கறதுன்னாரு. நிஜமா அழுத்தினா கம்ப்யூட்டர்ல வரணுமில்ல? வரலையே."

ஒரு மனுஷனின் விரல் செத்துப்போனதற்கு டாக்டர் பார்த்த சாட்சி, அவள் அழித்த நாலாயிரத்து இருநூறு வரி.

"நான் வர்றேன். இன்னைக்கே வர்றேன். விலாசம் சொல்லுங்க" என்றாள். ஏன் வருகிறாள் என்று சொல்லவில்லை.

அவள் போன் செய்ததும் கணவர் கடையிலிருந்து ஓடி வந்தார். லேப்டாப்பையும் ஒயர்களையும் பைக்குள் அள்ளிப் போடுகிறவளைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"நீதான் அழிச்சேன்னு அந்தம்மாகிட்ட சொன்னியா?"

"போன்ல எப்படிங்க சொல்றது?"

"போன்லயே சொல்ல முடியலன்னா, மூஞ்சியைப் பார்த்து எப்படிச் சொல்லுவ?"

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அவரும் அதற்கு மேல் கிளறவில்லை. பஸ் நிலையம் வரைக்கும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார்.

மூன்று மணி நேரப் பயணம். பஸ்ஸில் உட்கார்ந்து போனில் ஒன்பது வருஷத்துச் சண்டைகளைத் திறந்து படித்தாள். ‘வரி 40. தப்பு.’ ஒரு காலத்தில் திமிர் என்று நினைத்த வார்த்தைகளை இப்போது எழுத்து எழுத்தாக எண்ணினாள். ஓர் எழுத்துக்கு இரண்டு அழுத்தல், அரை நிமிஷம். ‘முட்டாள்தனம்’ என்று அவளைத் திட்ட அவனுக்கு எவ்வளவு நேரமாகியிருக்கும்? அவ்வளவு நேரமும் விடாமல் திட்டியிருக்கிறான் பாவி. வாய்க்குப் பூட்டா என்று தான் கேட்டதும் அதற்கு அவன் சொன்ன பதிலும் வந்தபோது போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்துச் சீட்டுக்காரர், "தலை சுத்துதாம்மா? ஜன்னலைத் திறக்கட்டுமா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் திறந்துவிட்டார்.

வீட்டு வாசல் அறைதான் தையல் கடை. யாருடையதோ ஜன்னல் திரைகள் மலை மாதிரிக் குவிந்து கிடந்தன. நத்தையின் அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. "இவ்வளவு தூரம் வந்தீங்களேம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை உருவிக்கொள்ளவும் முடியாமல், பிடிக்க விடவும் முடியாமல் துடைப்பம் தவித்தாள்.

உள்ளறையில் கட்டில். தலைமாட்டில் மூச்சுக்கு உதவும் சின்ன மிஷின் ஒன்று சீராக ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு நேரே இரும்புக் கையில் மாட்டிய திரை. அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு டிவி. அதில் யாரோ யாருக்கோ சமையல் போட்டி நடத்திக்கொண்டிருந்தார்கள்.

"பேச்சு நின்னதுலேர்ந்து திரைப் பக்கமே பார்த்துட்டு இருந்தான். பொழுது போகட்டும்னு டிவியைக் கொண்டாந்து வெச்சேன். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் போட்டு விட்டுடுவேன்" என்றாள் அக்கா. பிறகு கட்டிலைப் பார்த்து, "உன்னோட அந்தக் குழுவுலேர்ந்து வந்திருக்காங்கடா" என்றாள்.

நத்தைக்குத் தன் வயதுதான் இருக்கும் என்பது துடைப்பத்துக்கு விழுந்த அடுத்த அடி. ஒன்பது வருஷமாக மனசில் ஒரு தொந்திக் கிழவனை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இங்கே இருந்தவன் மெலிந்த முகம், ஒழுங்காகச் சீவிய தலை. கண் இரண்டும் ஒரு நிலையில் நிற்காமல் ஆடினாலும் அவள் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தன. அவன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேச அவளுக்குத் தைரியம் வரவில்லை. அக்காவிடமே பேசினாள். அடுத்தவர் நோயைப் பார்க்கப் போனால் எல்லோரும் செய்கிற அசிங்கம்தான் அது.

வலது கட்டைவிரலின் கீழே, ஒரு மரக்கட்டையில் பதித்த சிவப்புப் பட்டன். விரல் இறங்கியது. பட்டன் அமுங்கியது. பிறகு அந்த விரல், மேலே வரும் வேலையைத் தொடங்கியது. கொஞ்சம் எழும்பும், நிற்கும், மறுபடி எழும்பும். துடைப்பம் தன்னையறியாமல் மனசுக்குள் விநாடிகளை எண்ணினாள். ஒன்று. ஒன்றரை. ஒன்றே முக்காலில் விரல் பட்டனை விட்டது.

இருபத்து மூன்று பேர் சிரித்தார்களே, காரணமில்லாமல் சும்மா நிற்கிற அந்த ஒன்றே முக்கால் விநாடி, அது இந்த விரல் மேலே வர எடுத்துக்கொள்ளும் நேரம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ இவனை வைத்து அளந்து அந்த வரியைச் சேர்த்திருக்கிறார்கள். புதிய பட்டனின் கோட், அரை விநாடிக்கு மேல் அமுங்கியிருந்தால் தெரியாமல் கை பட்டுவிட்டது என்று எடுத்துத் தள்ளிவிடும். அதை எழுதியபோது அவளுக்கு அது ரொம்பப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

"இந்த விரலுக்கு ஒண்ணும் ஆகலைங்க" என்றாள். "நல்லாத்தான் இருக்கு. கம்ப்யூட்டர்தான்..."

"டாக்டர் சொன்னாரே?" என்றாள் அக்கா.

அவள் கீழே குனிந்து ஒயர்களைப் பார்த்தாள். அந்தத் தடித்த கேபிள் அப்படியே இருந்தது. லேப்டாப்பைத் திறந்தாள். அந்த உலகத்தில் ஒரு சௌகரியம் உண்டு. அழித்த கோட் எதுவும் நிஜமாகச் சாவதில்லை. ஒவ்வொரு நாளின் நகலும் எங்காவது பத்திரமாக இருக்கும். மூன்று வாரத்துக்கு முந்தைய வெர்ஷனை எடுத்து ஏற்றினாள். கால் மணி நேரம் ஆயிற்று. அக்கா டிவியை அணைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

திரையில் எழுத்து வரிசைகள் வந்தன. வெளிச்சம் முதல் வரிசையில் விழுந்தது, இரண்டாவதற்கு நகர்ந்தது. விரல் இறங்கியது. வெளிச்சம் நின்றது.

"ஐயோ, வருதே!" என்று அக்கா போட்ட சத்தத்தில் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். "கடைசியா ஒரு தடவை முகத்தைப் பார்த்துட்டுப் போறோம்னு சொந்தக்காரங்க எல்லாம் வந்துட்டுப் போனாங்கம்மா. இவன் எதிர்லயே உட்கார்ந்து, இன்னும் எத்தனை நாளோன்னு பேசினாங்க. நானும் கூட உட்கார்ந்து அழுதேன். இவன் விரலை ஆட்டி ஆட்டிக் காட்டியிருக்கான், நான் அது மேல போர்வையைப் போர்த்தி விட்டேன்."

துடைப்பம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஏதோ குறைந்தது. ஓரத்தில் அவனுடைய சுருக்கங்கள் இருக்க வேண்டும். இரண்டு எழுத்து அடித்தால் ஒரு முழு வாக்கியம் வருகிற மாதிரி, ஆளாளுக்குச் சேர்த்து வைத்துக்கொள்வது. பட்டியல் காலி. எழுதிவைத்தவை என்ற பெட்டியும் காலி. நடந்தவற்றின் பதிவேட்டைத் திறந்தாள். தேதி, நேரத்தோடு ஒரே ஒரு வரி: ‘பழைய ஃபைல்கள் வெற்றிகரமாக நீக்கப்பட்டன.’

வெற்றிகரமாக என்ற சொல்லை அவள்தான் போட்டிருந்தாள்.

"இதுல..." காலிப் பட்டியலைக் காட்டினாள். "இதுல என்னெல்லாம் வெச்சிருந்தாரு?"

"எல்லாம்தான். ஒன்பது வருஷமா சேர்த்தது. மூக்கு அரிக்குது, திரும்பிப் படுக்கணும், என்னைத் திட்டறது, எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு எழுத்துதான். அப்புறம் பேச்சு நிக்கறதுக்கு முன்னாடி ஒரு வாரமா உட்கார்ந்து எதையோ எழுதினான். சாப்பாட்டுக்குக் கூட நிறுத்த மாட்டான். உங்க குழுவுக்காம். தன்னைப் பத்தி எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்னான். எனக்கே ஆச்சரியமா இருந்தது. நாளைக்கு முடிஞ்சிடும், அனுப்பிடுவேன்னான்."

"முன்னாடியே ஏங்க சொல்லல? யாருக்குமே தெரியாதே!"

"தெரியக் கூடாதுன்னுதான். மத்த இடத்துல எல்லாரும் ஐயோ பாவம்னு பேசுவாங்களாம். உங்க குழுவுல மட்டும்தான் எல்லாரும் இவனோட சண்டை போடுவாங்களாம். அதுவும் யாரோ ஒருத்தி இருக்காளாமே, ஒரு நாள் விடாம வம்புக்கு வருவாளாம். அவளுக்குப் பதில் எழுதறதுக்குன்னே காலையில சீக்கிரமா எழுப்பச் சொல்லுவான்."

இதைவிட ஓங்கி அறைந்திருக்கலாம். தொலைந்த ஃபைல்களை மீட்க அவளுக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தாள். ஒரு துணுக்கு கூடத் தேறவில்லை. அவள் துடைத்த லட்சணம் அப்படி.

அதற்குள் திரையில் எழுத்துகள் சேர்ந்துகொண்டிருந்தன. யா. ரு. பிறகு வெளிச்சம் ‘பேசு’ என்ற கட்டத்துக்கு வந்ததும் விரல் அழுத்தியது.

"யாரு?" என்றது கம்ப்யூட்டர். சிரித்துக்கொண்டே பேசும் ஓர் இளம் பெண்ணின் குரல், கடைத் திறப்பு விழாவில் வரவேற்கிற மாதிரி. அக்கா திடுக்கிட்டுப் போனாள். அவன் தனக்கென்று தேர்ந்தெடுத்து வைத்திருந்த ஆண் குரலும் அந்த ஃபைல்களோடு போயிருந்தது. ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் கேட்ட குரல்.

"உன்னை எனக்குத் திருப்பிக் கொடுத்த புண்ணியவதிடா இவங்க" என்றாள் அக்கா.

அந்த வார்த்தைக்கு மேல் துடைப்பத்தால் தாங்க முடியவில்லை. இப்படியே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். அக்கா வாசல் வரை வந்து கும்பிட்டு அனுப்புவாள். பஸ் கிடைக்கும். அவன் கண்டுபிடிக்கும்போது கண்டுபிடிக்கட்டும். இதெல்லாம் ஒரு கணம் அவள் மனசில் ஓடியது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பிறகு முதல் முறையாக அக்காவை விட்டுவிட்டு அவன் கண்ணைப் பார்த்தாள்.

"நான் துடைப்பம்" என்றாள். "அழிச்சது நான்தான். பழைய பட்டன் கோட், உங்க ஃபைல், எல்லாத்தையும். உங்க அக்கா எழுதின புகாரைப் படிக்காம மூடினதும் நான் எழுதின ரோபோதான்."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவள் முகம் பேயறைந்தது போல் ஆயிற்று.

"நீயா?" என்றாள். மரியாதையெல்லாம் எங்கோ போய்விட்டது. "நீ பண்ணினதுக்கா இவனைச் செத்தவன் மாதிரி ரெண்டு வாரம் கிடத்தி வெச்சிருந்தோம்? உன் கையைப் புடிச்சு நான்... எழுந்து போ. முதல்ல இங்கேர்ந்து எழுந்து போ."

துடைப்பம் எழுந்துவிட்டாள். சொல்லி அழவும் ஒன்றுமில்லை, சமாதானம் கேட்கவும் முகமில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டும்போது பட்டன் சத்தம் கேட்டது. அக்கா திட்டிக்கொண்டேயிருந்தாள். விரல் இறங்கியது, ஏறியது. இரண்டு பெண்களும் மெல்ல மெல்ல அடங்கித் திரையைப் பார்த்தார்கள். ‘உ’ வந்தது. ‘ட்’ வந்தது. துடைப்பத்துக்கு அந்த வார்த்தையைத் தானே முடித்துவிட வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"உட்காரு" என்றது அந்தச் சிரித்த குரல்.

அவள் உட்காரவில்லை. விரல் மறுபடி வேலையைத் தொடங்கியது. வெளியே யாரோ திரைச்சீலை தைத்தாகிவிட்டதா என்று கேட்டுக் கூப்பிட்டார்கள். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று.

"திட்டணும்" என்றது குரல். வெகு உற்சாகமாகச் சொன்னது.

துடைப்பம் குரலையாவது மாற்றிக் கொடுப்போம் என்று கம்ப்யூட்டர் பக்கம் கையை நீட்டினாள். விரல் எழுத்துக்குக் காத்திராமல் பட்டனை அழுத்தியது, மறுபடி அழுத்தியது.

"கை வைக்காதேங்கறான்" என்றாள் அக்கா. அவள் கோபம் தணியவில்லை. ஆனாலும் மூலையிலிருந்த நாற்காலியைக் காலால் இழுத்துக் கட்டிலருகே தள்ளினாள்.

அடுத்த வார்த்தைக்கு இன்னும் நேரம் பிடித்தது. நடுவில் ஓர் எழுத்துத் தப்பி, அதை அழித்து, மறுபடி வந்தான்.

"நேரமாகும்" என்றது குரல்.

துடைப்பம் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். போனை அணைத்தாள். அவனுக்குத் தன் முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். வெளிச்சம் மறுபடி முதல் வரிசையிலிருந்து கிளம்பியது.